பூச்சும் போட்டேன், பேரலும் மாற்றினேன். இப்போது ஸ்லைடு முழுதாக மூட மாட்டேன் என்கிறது

#1 கதிர்_டாலஸ்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது கிளாக் 19 பிஸ்டல், மூன்றாம் தலைமுறை. கிரீன் கார்டு வந்த வருடம் வாங்கியது. இதுவரை சுமார் 4,000 ரவுண்டு சுட்டிருப்பேன். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் வீட்டுப் பாதுகாப்புக்கும் இதையே பெட்டகத்தில் வைத்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் இரண்டு காரியம் செய்தேன். ஸ்லைடை (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல் பாகம்) இங்கே ஒரு கடையில் கொடுத்துக் கரும்பச்சை நிறத்தில் செராமிக் பூச்சு போட்டேன். அதே வாரம் ஒரு மேட்ச் பேரலும், அதாவது குறி கூடுவதற்காக இறுக்கமான அளவில் செய்த குழலும், வாங்கினேன். 'அப்படியே போட்டால் போதும், அரம் தொட வேண்டாம்' என்று போட்டு விற்கும் வகை.

இரண்டையும் சேர்த்து மாட்டி ரேஞ்சுக்குப் போனேன். 150 ரவுண்டில் 11 தடவை நின்றது. எட்டு தடவை ஸ்லைடு முன்னால் வந்து, மூட வேண்டிய இடத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட்டது. கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினால் 'டக்' என்று மூடிக்கொள்கிறது. மூன்று தடவை காலி கேஸ் (சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூடு) வெளியே பறக்காமல், அது வெளியேறும் ஸ்லைடு ஜன்னலில் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொண்டது. தோட்டா என் நண்பர் வீட்டில் ரீலோடு செய்தது, அதாவது காலி கேஸில் மருந்தும் புல்லட்டும் (பறந்து போகும் முனை) புதிதாக நிரப்பியது. அதே தோட்டாவைத்தான் ஒரு வருடமாகப் பழைய பேரலில் சுட்டுவந்தேன், ஒரு சிக்கலும் இல்லை.

பூச்சா, பேரலா, தோட்டாவா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 மதி_ஃபீனிக்ஸ்

கதிர் அண்ணா, முதல் காரியம்: இது சரியாகும் வரை பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். 150-க்கு 11 நின்ற பிஸ்டலைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

இரண்டாவது, ஒரே வாரத்தில் மூன்று விஷயம் மாறியிருக்கிறது. தோட்டா மாறவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் புது பேரலுக்கு அது புதுத் தோட்டாதான். பழைய பேரல் சகித்துக்கொண்டதை இது சகிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மேசையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். ரீலோடு செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிஸ்டலைக் காலி செய்து, கழற்றி, பேரலைத் தனியாக எடுங்கள். வாய் கீழே பார்க்க, சேம்பர் (தோட்டா உட்காரும் பின்முனை) மேலே இருக்கும்படி பிடியுங்கள். ஒரு தோட்டாவைச் சும்மா உள்ளே விடுங்கள், அழுத்த வேண்டாம். 'ணங்' என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். விரல் நுனியால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்தத் தோட்டா அந்தப் பேரலுக்கு ஆகாது. பத்துத் தோட்டா எடுத்து, இரண்டு பேரலிலும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஃபேக்டரி தோட்டா ஒரு டப்பா வாங்கி அதையும் போட்டுப் பாருங்கள்.

#3 பட்டறைக்காரன்

தம்பி கதிர், துப்பாக்கி பிடிப்பதற்கு முன்பிருந்தே நான் பட்டறைக்காரன். கோயம்புத்தூரில் பம்புக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்து 14 வருடம், அப்புறம் ஹூஸ்டனில் 20 வருடம். அங்கிருந்தே சொல்கிறேன்.

ஷாஃப்ட்டை ஹார்டு குரோம் முலாமுக்கு அனுப்புவதற்கு முன், முலாம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் குறைத்துக் கடைந்துதான் அனுப்புவோம். அப்படிச் செய்யாவிட்டால் திரும்பி வரும் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் போகாது. பிஸ்டலுக்குப் பின்னால் போடும் பூச்சில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. கம்பெனி முடித்து அனுப்பிய அளவின் மேலேயே இன்னொரு அடுக்கு ஏறுகிறது.

செராகோட் மாதிரி செராமிக் பூச்சு ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 மைக்ரான் வரும். பார்க்க ஒன்றுமில்லை, தலைமுடி அதைவிடத் தடிமன். ஆனால் பேரலின் பின்பக்க நாக்கு இருக்கிறதே, ஹூட் என்பார்கள், அது ஸ்லைடில் ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சு இருந்தால் 50 மைக்ரான் போயிற்று. பேரலின் நாக்கிலும் இரண்டு பக்கம் இருந்தால் 100. பத்தில் ஒரு மில்லிமீட்டர். லேத்தில் நின்றவனிடம் கேளுங்கள், பத்தில் ஒன்று என்றால் எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்வான். அதுவும் பெயிண்ட் அடிப்பவர் கை ஒழுங்காக இருந்தால்தான் 25. மூலையில் இரண்டு தடவை அடித்தால் எவ்வளவு ஏறியது என்று யாருக்குத் தெரியும்?

மேட்ச் பேரல் செய்பவரோ அந்த நாக்கை வேண்டுமென்றே கம்பெனிப் பேரலைவிட அகலமாக, நீளமாக விடுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தால்தான் குறி கூடும். அவர் ஒரு பக்கம் இடைவெளியைக் குறைத்தார், பெயிண்ட் கடைக்காரர் மறுபக்கம் குறைத்தார். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். இடைவெளி காணாமல் போனது உங்கள் கையில்.

கடைசி 2 மில்லிமீட்டரில் நிற்கிறது என்று எழுதினீர்களே, அங்கேதான் எல்லா வேலையும் நடக்கிறது. துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங்கின் வழி வந்த இந்த அமைப்பில், சுட்டதும் பேரலும் ஸ்லைடும் பூட்டியபடியே கொஞ்ச தூரம் பின்னால் போகும். பிறகு பேரலின் பின்முனை கீழே சாய்ந்து பூட்டு விடும், ஸ்லைடு மட்டும் போகும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். மேகசினிலிருந்து (கைப்பிடிக்குள் இருக்கும் தோட்டாப் பெட்டி) தோட்டாவைப் பிடுங்கி, ஏற்றத்தில் ஏற்றி, சேம்பரில் தள்ளி, கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து, பேரல் மேலே எழும்பி ஜன்னலில் பூட்ட வேண்டும். இதில் கடைசி மூன்று வேலையும் கடைசி சில மில்லிமீட்டரில்தான். அந்த நேரத்தில் ஸ்பிரிங் கிட்டத்தட்ட முழுதாக விரிந்துவிட்டது, அதனிடம் இருக்கும் தள்ளும் சக்தி அப்போதுதான் மிகக் குறைவு. ஸ்லைடின் வேகமும் தோட்டாவைப் பிடுங்குவதிலேயே கொஞ்சம் செலவாகியிருக்கும். கம்பெனிக்காரன் விட்டுவைத்த அந்தச் சின்ன 'ப்ளே'தான் இதை மன்னித்துக்கொண்டிருந்தது. நம்பகத்தன்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ப்ளேதான்.

#4 கதிர்_டாலஸ்

மதி, சோதனை செய்தேன்.

பழைய பேரல்: நண்பரின் தோட்டா பத்துக்குப் பத்து சரி. ஃபேக்டரி தோட்டாவும் சரி.

புது பேரல்: ஃபேக்டரி தோட்டா பத்துக்குப் பத்து சரி. நண்பரின் தோட்டாவில் மூன்றுதான் சுற்றியது. மீதி ஏழும் உள்ளே போய் 'ணங்' என்று சொல்லாமல் 'தொப்' என்று நின்றன. கவிழ்த்தால் விழவில்லை, நகத்தால் நெம்பித்தான் எடுத்தேன். எடுத்த தோட்டாவை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால், புல்லட்டின் தோள்பட்டையில், கேஸ் வாய்க்குக் கொஞ்சம் மேலே, சிவப்புப் பூச்சைக் கீறிக்கொண்டு சுற்றிலும் சின்னச் சின்னக் கோடுகள், சம இடைவெளியில்.

நண்பரிடம் கேட்டேன். பாலிமர் பூச்சு போட்ட ஈய புல்லட், .356 அங்குலம். தோட்டாவின் மொத்த நீளம் 1.150 அங்குலம்.

#5 மதி_ஃபீனிக்ஸ்

அந்தக் கோடுகள்தான் பதில், அண்ணா. பேரலுக்குள் புல்லட்டைச் சுழற்றும் வரிகளான ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தை புல்லட் முட்டுகிறது.

9 மில்லிமீட்டர் தோட்டா சேம்பரில் கேஸின் வாயை வைத்துத்தான் உட்காரும். வாய் போய்ச் சேம்பரின் படியில் நிற்க வேண்டும், அதுதான் 'ணங்'. உங்கள் தோட்டாவில் வாய் படியைத் தொடுவதற்கு முன்பே புல்லட் ரைஃப்ளிங்கை முட்டிவிட்டது. செம்பு உறை போட்ட புல்லட் .355, உங்கள் நண்பருடையது .356. மேட்ச் பேரல்களில் சேம்பருக்கும் ரைஃப்ளிங்குக்கும் நடுவே விடும் தொண்டை பெரும்பாலும் குட்டையாகவே இருக்கும். கிளாக்கின் சொந்தப் பேரல் இந்த விஷயத்தில் தாராளமானது. சி.இசட். 75 பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. அந்தப் பேரல் கம்பெனியிலிருந்தே குட்டைத் தொண்டையோடு வருவதால், ரீலோடு செய்யும்போது தோட்டாவைக் குட்டையாக அழுத்துவார்கள்.

நண்பரிடம் சொல்லுங்கள், புல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கி, இதே சோதனையில் சுற்றும் நீளத்தைக் கண்டுபிடிக்கட்டும். அதிலிருந்து இன்னும் .015 அங்குலம் குறைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று மிக முக்கியம். புல்லட் உள்ளே இறங்கினால் கேஸுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். 9 மில்லிமீட்டரில் அது சட்டென்று ஏறும். பழைய அளவு மருந்தை அப்படியே போடக் கூடாது. கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரட்டும்.

அந்த எட்டில் எத்தனை இதனால், எத்தனை பூச்சினால் என்பதுதான் இனிக் கேள்வி. பழைய பேரல், ஃபேக்டரி தோட்டா, பூச்சு போட்ட ஸ்லைடு. இதை மட்டும் 50 சுட்டுப் பாருங்கள்.

#6 ஆர்மரர்_ஓய்வு

ஆவடியிலிருந்து எழுதுகிறேன். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கையில் இருந்தது 9 மில்லிமீட்டர் 1ஏ, இஷாப்பூர் தொழிற்சாலை செய்தது, பிரௌனிங் ஹைபவரின் வழி. கிளாக்கை நான் கழற்றியது இல்லை. ஆனால் பேரல் சாய்ந்து பூட்டும் வேலை இரண்டிலும் ஒன்றே.

தம்பி, கட்டைவிரலால் தள்ளி மூடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்லைடு மூடவில்லை என்றால் அது ஏதோ சொல்கிறது. தோட்டா சேம்பருக்குள் சரியாகப் போகாமல் இருக்கும்போது தள்ளிச் சுட்டால், கேஸின் பின்பக்கத்துக்குத் தாங்கல் இல்லாமல் வெடிக்கலாம். நிறுத்துங்கள், மேகசினைக் கழற்றுங்கள், தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள்.

காலி பிஸ்டலில் ஒரு சோதனை. சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வாயை வானத்தைப் பார்க்க நேராகப் பிடித்து, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, கையை விடாமல் மெதுவாக முன்னால் விடுங்கள். தன் எடையைத் தாண்டி ஸ்பிரிங் தானே ஸ்லைடை முழுதாக மூட வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஏதோ உரசுகிறது. பழைய பேரலோடும் புது பேரலோடும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். எங்களுக்கு அது பழக்கமாகவே ஊறிப்போனது.

#7 மணல்வீடு

பூச்சு என்றதும் எல்லோரும் ஸ்லைடையும் பேரலையும்தான் பார்க்கிறீர்கள். மேகசினையும் பாருங்கள். அமெரிக்க ராணுவமே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுப் படித்தது.

2003-இல் ஈராக் போன படைகளிடம் பெரெட்டா எம்9 இருந்தது. 1985-இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டல், நன்றாகச் சோதித்தது. ஆனால் ராணுவம் தனியாக ஒப்பந்தம் போட்டு வாங்கிய மேகசின்கள் சிக்கல் கொடுத்தன. அந்த ஒப்பந்தத்தில் கேட்டிருந்தது தடித்த பாஸ்பேட் பூச்சு. துருவுக்கு அது நல்லது, எண்ணெயையும் பிடித்து வைக்கும். ஆனால் கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அங்குள்ள மணலோ முகப்பவுடர் மாதிரி மெல்லிசு. அது அந்தச் சொரசொரப்பில் போய் அப்பிக்கொண்டது. உள்ளே தோட்டாவை மேலே தள்ளும் பலகை மேலே வராமல் நின்றது. ஸ்லைடு போய்த் திரும்பும் நேரத்தில் அடுத்த தோட்டா தன் இடத்தில் இல்லை. வழுவழுப்பான பூச்சு போட்ட பெரெட்டாவின் சொந்த மேகசின்களில் இந்த அளவு தொல்லை இல்லை. பிற்பாடு மணலுக்கென்றே வழுக்கும் பி.வி.டி. பூச்சு (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் மெல்லிய பூச்சு) போட்ட மேகசின் வந்தது.

பிஸ்டலில் ஒரு திருகுகூட மாறவில்லை. மேகசின் தகட்டின் உள்பக்கம் சொரசொரப்பா, வழுவழுப்பா என்பது மட்டும்தான் வித்தியாசம். காகிதத்தில் அந்தப் பூச்சு 'மேலான' பூச்சு. எனக்கு இந்தத் துறையில் மனதில் ஆழமாகப் பதிந்த சம்பவம் இதுதான்.

#8 ஆர்மரர்_ஓய்வு

மணல்வீடு சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ராஜஸ்தானில் இருந்தபோது புதுப் பையன்கள் துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டிக்கொண்டு வருவார்கள். மாலைக்குள் அது மணல் குழம்பாகிவிடும். துணியால் ஒற்றி எடுத்து, உரசும் இடத்தில் மட்டும் ஒரு துளி வைக்கச் சொல்வோம். மேகசினுக்குள் ஒரு துளிகூடக் கூடாது.

#9 சிவா_அட்லாண்டா

எனக்கு இந்தப் பேச்சே புரியவில்லை. 4,000 ரவுண்டு நிற்காமல் சுட்ட பிஸ்டலை எதற்குத் தொட வேண்டும்? கிளாக் கம்பெனியே ஸ்லைடையும் பேரலையும் நைட்ரைடு செய்துதான் அனுப்புகிறது. அது மேலே ஏறும் பூச்சே இல்லை. எஃகின் தோலுக்குள் நைட்ரஜனும் கார்பனும் ஊறி, தோலே கெட்டிப்படுகிறது. அளவு கிட்டத்தட்ட மாறாது, உரியாது. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 64, அரம் வழுக்கிக்கொண்டு போகும். அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் முதலில் மணல் வீசிச் சொரசொரப்பாக்குகிறார்கள், அப்போதுதான் பெயிண்ட் பிடிக்கும். அதாவது நல்ல தோலைச் சுரண்டி மேலே மென்மையான சட்டை போடுகிறோம். நிறத்துக்காக மட்டும்.

மேட்ச் பேரலும் அப்படித்தான். 25 கஜத்தில் நம்மில் எத்தனை பேர் கம்பெனிப் பேரலின் எல்லையை எட்டிவிட்டோம்? என் பேச்சு கடுமையாக இருந்தால் மன்னியுங்கள், ஆனால் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் பிஸ்டலைக் கம்பெனி அனுப்பியபடி வைத்திருப்பதுதான் நல்லது என்று மனதார நம்புகிறேன்.

#10 மதி_ஃபீனிக்ஸ்

சிவா அண்ணா, பாதுகாப்புக்கு வைத்திருப்பதைத் தொடாதே என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பேரல் மாற்றுவதே வீண் என்று சொல்ல வேண்டாம். எனக்குக் காரணம் இருந்தது.

மூன்றாம் தலைமுறைக் கிளாக்கின் பேரலுக்குள் வழக்கமான பள்ளம்-மேடு ரைஃப்ளிங் கிடையாது. அறுகோணமாக, முனை மழுங்கிய பாலிகோனல். அதில் உறையில்லாத ஈய புல்லட் சுட வேண்டாம் என்று கிளாக்கே சொல்கிறது. ஈயம் உள்ளே ஒட்டி, அடுத்த புல்லட்டுக்கு வழி குறுகி, அழுத்தம் ஏறலாம். நான் போட்டிக்கு வாரம் 300, 400 சுடுகிறேன். ஈயம்தான் கட்டுப்படியாகும். அதனால் வழக்கமான ரைஃப்ளிங் வெட்டிய பேரல் ஒன்று வாங்கினேன். ஐந்தாம் தலைமுறையில் கிளாக்கே ரைஃப்ளிங்கை மாற்றிவிட்டது, மேல் பூச்சையும் டி.எல்.சி. (வைரம் போன்ற கார்பன்) வகைக்கு மாற்றியது. கம்பெனியும் மாற்றத்தான் செய்கிறது. ஆனால் மாற்றியபடியே அளவெடுத்து, சுட்டுச் சோதித்து அனுப்புகிறது.

சைலன்சர் மாட்ட மரை வெட்டிய பேரல் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாயும் பேரலின் மூக்கில் எடையைத் தொங்கவிட்டால் அது சாய முடியாமல் தவிக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த பூஸ்டர் இல்லாத சைலன்சரை இந்த வகைப் பிஸ்டலில் மாட்டினால், ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் இழுக்க வேண்டி வரலாம்.

#11 பட்டறைக்காரன்

மதி சொன்ன டி.எல்.சி. பற்றிக் கேட்பவர்களுக்கு: அது இரண்டு முதல் நான்கு மைக்ரான்தான். தங்க நிறத்தில் பார்க்கிறீர்களே டைட்டானியம் நைட்ரைடு, அதுவும் அந்த அளவே. பட்டறையில் டிரில் பிட்டில் நாம் பார்க்கும் அதே தங்கம். இவை இடைவெளியைத் தின்பதில்லை, வழுக்கும், கெட்டி. ஆனால் அடியில் இருக்கும் பரப்பின் லட்சணம் அப்படியே மேலே தெரியும். கீறல் இருந்தால் கெட்டியான கீறல், அவ்வளவுதான். பிசிறு இருந்தால் கெட்டியான பிசிறு, அது எதிரில் இருப்பதை அறுக்கும். இன்னொன்று, சில பி.வி.டி. வேலைகள் சூட்டில் நடக்கும். எஃகு எந்த வெப்பத்தில் டெம்பர் ஆனதோ அதைத் தாண்டினால் கடினம் இறங்கும். போடுபவரிடம் வேலை வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

நிக்கல் முலாமில் இரண்டு வகை. மின்சாரம் இல்லாமல் கரைசலில் போடுவது மூலைமுடுக்கெல்லாம் ஒரே தடிமனில் ஏறும், அதனால் கணக்குப் போடலாம். மின்சாரம் வைத்துப் போடும் குரோமியம் ஓரங்களில்தான் அதிகம் ஏறும், குழியில் குறையும். பிஸ்டலில் ஓரங்கள்தானே பூட்டும் இடம்! குரோமியத் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். முலாம் முடிந்த கையோடு அடுப்பில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் சின்னப் பாகங்கள் கண்ணாடி மாதிரி உடையும். எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங் இவற்றையெல்லாம் முலாமுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

#12 கதிர்_டாலஸ்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் இதே வேலைதான்.

பழைய பேரல், ஃபேக்டரி தோட்டா, பூச்சு போட்ட ஸ்லைடு: 50 ரவுண்டில் ஸ்லைடு மூடாமல் நின்றது ஒன்றுமில்லை. ஆனால் காலி கேஸ் இரண்டு தடவை ஜன்னலில் மாட்டியது. மீதிக் கேஸும் முன்பு மாதிரி வலப்பக்கம் பின்னால் பறக்கவில்லை. சில என் நெற்றியில், சில காலடியில்.

ஆர்மரர் ஐயா சொன்ன சோதனை: பழைய பேரலோடு மூடியது. புது பேரலோடு, தோட்டாவே இல்லாமல், கடைசி 2 மில்லிமீட்டரில் நின்றது. அதைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. அப்படியானால் நண்பரின் தோட்டா பாதிக் காரணம்தான்.

பிறகு புது பேரலின் நாக்கிலும் சேம்பர் மேல்பகுதியிலும் கறுப்பு மார்க்கர் பூசி, காலி பிஸ்டலை ஐம்பது தடவை கையால் இழுத்து விட்டேன். கழற்றிப் பார்த்தால் மேல்பகுதி கறுப்பு அப்படியே இருக்கிறது. நாக்கின் இடது பக்கம் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து பளபளக்கிறது, அதன் மேல் கரும்பச்சைத் தூள். ஸ்லைடின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் இடது சுவரில் பெயிண்ட் ஒரு கண்ணீர்த் துளி மாதிரி வடிந்து காய்ந்திருக்கிறது.

எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றினேன். அது உட்காரும் காடி முழுக்கப் பச்சை. எக்ஸ்ட்ராக்டரை விரலால் அசைத்தால் பிசின் தடவியது போல மெதுவாகத் திரும்பி வருகிறது. ஃபயரிங் பின் சேஃப்டி (டிரிகரை அழுத்தாமல் சுடும் ஊசி முன்னே போகாதபடி தடுக்கும் பாகம்) ஓடும் குழியின் விளிம்பிலும் பச்சை. கடையில் கொடுத்தபோது எதையெல்லாம் மறைத்து அடிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் செலவழித்தேன்.

அந்த நாக்கை 400 நம்பர் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்க்கலாமா?

#13 பட்டறைக்காரன்

வேண்டாம் தம்பி. உங்கள் பேரல் சரியாகத்தான் இருக்கிறது, தப்பு பெயிண்டில். தப்பு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு நல்ல பாகத்தைக் குறைத்தால் நாளைக்கு இரண்டையும் மாற்ற வேண்டி வரும். அதுவும் கையால் தேய்த்தால் நாக்கு சாய்வாகத் தேயும். அரத்தால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பேரலுக்குக் கீழே துருத்தியிருக்கும் லக் பக்கம் உப்புத்தாளையே கொண்டுபோகாதீர்கள். பேரல் எந்த நேரத்தில் பூட்டும், எந்த நேரத்தில் விடும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

ஸ்லைடைக் கடைக்காரரிடம் திரும்பக் கொடுங்கள். அல்லது வேறு நல்ல கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்து, உள்பக்கப் பெயிண்டை மட்டும் நீக்கச் சொல்லுங்கள்: நாக்கு உட்காரும் பள்ளம், எக்ஸ்ட்ராக்டர் காடி, சேஃப்டி குழி, பின்சுவர், ஃபிரேமில் (கைப்பிடியும் டிரிகரும் உள்ள கீழ்ப் பாகம்) ஓடும் தண்டவாளப் பள்ளம். வெளிப்பக்கப் பச்சை இருந்துவிட்டுப் போகட்டும், அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. இந்த இடங்களைக் காகிதத்தில் படம் வரைந்து கொடுங்கள்.

#14 வினோத்_மியூனிக்

ஒரு சின்னக் குறிப்பு. அமெரிக்காவில் சட்டப்படி ஃபிரேம்தான் துப்பாக்கி, பேரல் தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இங்கே ஜெர்மனியில் பேரல் தனியாகவே முக்கியப் பாகம். அனுமதி வேண்டும், அரசுச் சோதனைச் சாலை முத்திரை வேண்டும். இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டத்தின் வரையறையில் பாகங்களும் ஆயுதம்தான். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் இணையத்தில் பேரல் தேட வேண்டாம். முத்திரை இருந்தாலும் இங்கேயும் ஸ்லைடோடு பொருந்துகிறதா என்பதை நாமேதான் பார்க்க வேண்டும்.

#15 கதிர்_டாலஸ்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஸ்லைடை வேறு ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கூடுதலாக ஒரு இடம் சேர்த்தார்: ஜன்னலின் முன் உள்விளிம்பு, பேரல் மேலே எழும்பிப் பூட்டும் இடம். உள்பக்கப் பெயிண்ட் முழுவதும் போயிற்று. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று.

சனிக்கிழமை: பழைய பேரல், ஃபேக்டரி தோட்டா, 100 ரவுண்டு. நிற்கவில்லை. கேஸ் எல்லாம் வலப்பக்கம், ஒரே குவியல்.

ஞாயிறு: புது பேரல், ஃபேக்டரி தோட்டா, 100 ரவுண்டு. நிற்கவில்லை. வாயை மேலே பார்க்க வைத்து விட்டால் தானாக மூடுகிறது. முதல் இருபதில் மட்டும் மூடும் சத்தம் கொஞ்சம் மந்தமாகப் பட்டது.

நேற்று: புது பேரல், நண்பரின் தோட்டா. இப்போது நீளம் 1.085 அங்குலம், மருந்து கையேட்டின் ஆரம்ப அளவு. ஒவ்வொன்றையும் பேரலில் போட்டு, சுற்றிப் பார்த்துத்தான் டப்பாவில் வைத்தார். 60 சுட்டேன். ஒன்று மூடவில்லை. தள்ளவில்லை ஐயா, மேகசினைக் கழற்றி வெளியே எடுத்தேன். புல்லட்டை நுழைக்க விரித்த கேஸின் வாய் சரியாக மடிக்கப்படாமல் ஒரு பக்கம் மட்டும் நகத்தில் தட்டியது. அந்தத் தோட்டாவைத் தனி டப்பாவில் போட்டு நண்பருக்கு எடுத்துப் போகிறேன்.

இப்போது பிஸ்டலில் இருப்பது பழைய பேரல். பெட்டகத்துக்கு இன்னும் திரும்பவில்லை. பாதுகாப்புக்கு வைத்திருக்கும் அதே ஹாலோ பாயிண்டில் (முனையில் குழி உள்ள புல்லட் வகை) 200 சுட்ட பிறகுதான். 120 முடிந்தது, நோட்டில் இருக்கிறது. மீதி 80 இந்த வெள்ளிக்கிழமை.

#16 ஆர்மரர்_ஓய்வு

80-ஐயும் ஒரே மேகசினில் சுடாதீர்கள். இருக்கும் எல்லா மேகசினுக்கும் நம்பர் போட்டு, மாற்றி மாற்றிப் போடுங்கள். நோட்டில் மேகசின் நம்பரும் சேர்த்து எழுதுங்கள்.